சிஸ்டருக்காக ஒரு கூட்டு மனு

"…பொய்யா இருந்தா நானே கோடு போட்டு அடிச்சிட்டுச் சிரிச்சிட்டுப் போயிருவேண்ணே. இதுல ஒண்ணுகூடப் பொய் இல்லையே. அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றார் சிஸ்டர்.

அவர் கையில் இருந்தது நான் எழுதிய கடிதம். ஒரு பக்கத்தில் முடிய வேண்டியது மூன்று பக்கத்துக்கு ஓடியிருந்தது. அதற்குப் பின்னால் நாலு தாள் நிறையக் கையெழுத்து. வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும். அன்று மாலை ஐந்து மணிக்குள் அவருடைய படிப்புக்கான விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அதோடு டாக்டர் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் போக வேண்டும். டாக்டரோ ஒரு மணிக்குக் கிளினிக்கைப் பூட்டிவிட்டு ஊருக்குப் புறப்பட்டால் திங்கட்கிழமைதான் திரும்புவார்.

"பாராட்டித்தானே சிஸ்டர் எழுதியிருக்கேன்?" என்றேன்.

"பாராட்டியே மாட்டிவிட்டிருக்கீங்க" என்றார்.

அவர் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்குவதற்கு அடுத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. அதைச் சொல்வதற்கு முன், ஏற்கெனவே நர்ஸாக இருக்கும் ஒருவர் எதற்காக மறுபடியும் படிக்க வேண்டும் என்று நான் குடைந்து குடைந்து கேட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன்.

கேரளத்து மலையில், வண்டிப்பெரியாரில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே எனக்கு ஒரு கடை உண்டு. ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கத்தான் இடம். ஜெராக்ஸ் எடுப்பேன், போட்டோ பிரிண்ட் போடுவேன், ஆன்லைனில் அபேட்சை அனுப்புவேன். விண்ணப்பத்தை எங்கள் பக்கம் அபேட்சை என்றுதான் சொல்வோம். கையெழுத்தை ஒப்பு என்போம். மலையாளம் அப்படி எங்கள் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம் போனவன். இருபது வருஷம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுக் கடை போட்டேன். கம்ப்யூட்டரையும் இங்கிலீஷையும் எனக்குக் கற்றுக்கொடுத்தது அடுத்தவர்களின் அபேட்சைகள்தான். ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பும்போது, இதை ஏன் கேட்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்பேன். பாதிப் பேர் கோபித்துக்கொள்வார்கள், மீதிப் பேர் பதில் சொல்வார்கள். அந்தப் பதில்களில்தான் என் படிப்பு நடந்தது.

சிஸ்டர் எங்கள் எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ். நாங்கள் இருந்த அதே லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையில், நாலு வீடு தள்ளிப் பிறந்து வளர்ந்தவர். வயது முப்பத்தாறு. என்னைவிட இளையவர்தான். ஆனாலும் அவருடைய அம்மா முதற்கொண்டு எல்லோருக்கும் அவர் சிஸ்டர். டவுனில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் வாரத்தில் இரண்டு நாள் எஸ்டேட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் டிஸ்பென்சரியில் சிஸ்டரும், பின்பக்க மேட்டில் ஏறி நின்றால் மட்டும் டவர் கிடைக்கிற ஒரு போனும்தான்.

இரண்டு மாதம் முன்னால் ஒரு பிளாஸ்டிக் பைல் நிறையச் சான்றிதழ்களோடு கடைக்கு வந்தார். "அண்ணே, நர்ஸ் பிராக்டிஷனர்னு ஒரு படிப்பு இருக்கு. அபேட்சை போடணும்."

"நர்ஸா இருக்கிறவங்க எதுக்கு மறுபடி நர்ஸுக்குப் படிக்கணும்? நானென்ன மறுபடி எட்டாங்கிளாஸா போறேன்?"

"நீங்க போனா வாத்தியாரு லீவு போட்டுருவாரு. அவ்வளவு கேள்வி கேப்பீங்க" என்று சிரித்தார்.

அன்று கடையில் கூட்டம் இல்லை. கிழித்த காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, "இதுல வரைஞ்சு காட்டுங்க, எங்க ஆரம்பிச்சு எங்க போகுதுன்னு" என்றேன். அவர் என் பேனாவை வாங்கி ஒரு கோடு போட்டார். அதன் அடியில் பிளஸ் டூ என்று எழுதினார். சயன்ஸ் எடுத்துப் படித்திருக்க வேண்டும். அதற்கு மேலே கோடு இரண்டாகப் பிரிந்தது.

"இது நாலு வருஷம், பி.எஸ்ஸி. நர்சிங். நேர் ரோடு. இது மூணு வருஷ டிப்ளமா, ஜி.என்.எம்.னு சொல்வாங்க. நான் இதுல போனவ."

"நேர் ரோடு இருக்கறப்ப ஏன் பக்கத்து ரோட்ல போனீங்க?"

"நேர் ரோடு ஒண்ணு இருக்குன்னு எனக்கு யாருண்ணே சொன்னா? தேனிப் பக்கம் ஒரு நர்சிங் ஸ்கூல் இருக்கு, நம்ம லயத்துப் பிள்ளைக ரெண்டு பேரு அங்க படிக்குதுன்னு அப்பா சொன்னாரு. பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டேன்."

தேனியில் படித்ததால் முதலில் தமிழ்நாட்டு நர்சிங் கவுன்சிலில் பதிவு. பிறகு கேரளத்தில் வேலை பார்க்க இங்கேயும் பதிவு. பதிவு இல்லாத நர்ஸ் லைசென்ஸ் இல்லாத டிரைவர் மாதிரி என்றார். டிஸ்பென்சரியில் பத்து வருஷம் கழித்துத்தான், டிப்ளமாக்காரர்கள் பட்டதாரி ஆவதற்கு ஓர் இணைப்பு ரோடு இருப்பது அவருக்குத் தெரிந்தது. அது இரண்டு வருஷம். கோட்டயம் பக்கம் ஹாஸ்டலில் தங்கி, தன்னைவிடப் பத்து வயது சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முடித்தார். அதற்குப் பிறகு கட்டப்பனையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு.வில் ஒரு வருஷம். பிறகு எஸ்டேட் டிஸ்பென்சரிக்கே திரும்பி வந்துவிட்டார்.

தாளில் கோடுகள் இரண்டும் மறுபடி ஒன்றாகச் சேர்ந்து மேலே போயின. ஐ.சி.யு. அனுபவம் என்று எழுதிய இடத்தில் ஒரு சின்ன வட்டம். அதற்கும் மேலே, தாளின் விளிம்புக்குப் பக்கத்தில், இன்னும் இரண்டு வருஷம். அதுதான் இந்தப் படிப்பு. உயிருக்குப் போராடுகிறவர்களைக் கவனிப்பதில் ஒரு முதுநிலைப் பட்டம்.

அந்த நேரம் பார்த்து என் மச்சான் வந்து சேர்ந்தார். என் மனைவியின் அண்ணன். எஸ்டேட் பாக்டரியில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. தாளை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னா மாப்ளே, குட்டிக்கானத்துல இருந்து முண்டக்கயம் எறங்குற ரோட்டை வரைஞ்சு வச்சிருக்கீங்க? வளைவு முடிஞ்சுதுன்னு நெனைக்கறப்ப அடுத்த வளைவு வருதே" என்றார்.

"இது எறக்கம் இல்லண்ணே, ஏத்தம்" என்றார் சிஸ்டர்.

"இவ்வளவு ஏறினதுக்கு டாக்டருக்கே படிச்சிருக்கலாமே தாயி?"

இதைக் கேட்காதவர்கள் எங்கள் ஊரில் கிடையாது. சிஸ்டர் அலுத்துக்கொள்ளவில்லை. இது டாக்டர் படிப்புக்குக் குறுக்கு வழி அல்ல, வேறு வேலை என்று விளக்கினார். சாதாரணமாக நர்ஸ் பார்ப்பார், அளப்பார், சொல்வார், முடிவு டாக்டருடையது. இதைப் படித்தவர் நோயாளியின் பக்கத்திலேயே நின்று, எழுதிவைத்த ஒரு வரம்புக்குள் தானே சில முடிவுகளை எடுக்கலாம். அதற்காக மூன்று விஷயங்களை அடிவரைக்கும் படிக்க வேண்டுமாம். உடம்பைத் தொட்டும் தட்டியும் கேட்டும் பார்ப்பது, நோய் உள்ளே என்ன செய்கிறது என்பது, மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்பது. வகுப்பறை கொஞ்சம்தான். பெரும்பகுதியும் வார்டில் நின்றே படிப்பு.

"படிச்சு முடிச்சா அந்தப் பேர்லயே வேலை கிடைக்குமா?" என்றேன். கட்டங்களை நிரப்புகிறவனுக்கு இந்தக் கேள்வி தானாக வரும்.

அவர் பேனாவை மூடினார். "தெரியாதுண்ணே. நம்ம நாட்டுல இது புதுசு. படிச்சிட்டுப் பழையபடி ஸ்டாஃப் நர்ஸாவே நிக்கறவங்களும் இருக்காங்க."

"அப்புறம் எதுக்கு?"

"ஒரு விஷயம் இருக்கு" என்றார். மச்சானை ஒரு பார்வை பார்த்தார். "பெறகு சொல்றேன்."

எனக்கு அன்று தூக்கம் சரியில்லை. யாராவது பிறகு சொல்கிறேன் என்றால் எனக்கு அப்படித்தான்.

அபேட்சையை நிரப்புவதில் சிரமம் இல்லை. கல்லூரி இரண்டு சிபாரிசுக் கடிதம் கேட்டிருந்தது. ஐ.சி.யு. வேலைக்கு அங்கிருந்த தலைமை நர்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டார். இன்னொன்று இப்போது வேலை பார்க்கிற இடத்து டாக்டரிடமிருந்து வேண்டும். எங்கள் டாக்டர் நல்ல மனிதர். எழுபதை நெருங்குகிற வயது. "நீ எழுதிக் கொண்டு வா மோளே, ஞான் ஒப்பிட்டுத் தராம்" என்று மலையாளம் கலந்து சொல்லிவிட்டார், எழுதி வந்தால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று. சிஸ்டர் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். தன்னைப் பற்றித் தானே எப்படி எழுதுவது என்று கூச்சம்.

நான் அதை வீட்டுக்கு எடுத்துப் போனேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

என் மனைவி கொழுந்து பறிக்கிறவள். நான் தமிழில் எழுதிவைத்திருந்த எட்டு வரியை வாசித்துக் காட்டினேன். "கடமை உணர்வு மிக்கவர், நேரம் தவறாதவர்" என்று போகும் அது. அவள் முகம் சுளித்தாள்.

"ஏங்க, இது சிஸ்டருக்கா, வாட்ச்மேனுக்கா? நேரம் தவறாதவராம். அவங்க செஞ்சதுல ஒண்ணுகூட இதுல இல்லையே."

"என்ன எழுதணுங்கற?"

"என்னத்தை எழுதணும்? ஊரைக் கேளுங்க. நம்ம ஜனம் எதையாச்சும் தனியாப் போய்க் கேட்டு வாங்கியிருக்கா?"

அது சரிதான். குழாயில் தண்ணீர் வரவில்லையா, லயத்துக் கூரை ஒழுகுகிறதா, பள்ளிக்கூட நேரத்துக்கு பஸ் வரவில்லையா, எல்லாவற்றுக்கும் எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கூட்டு மனு. பெயர், பக்கத்தில் வேலை நம்பர், ஒப்பு. முதலில் போட்டது யார் என்று மேனேஜருக்குத் தெரியக்கூடாது என்பதற்காக எங்கள் லயத்தில் ஒப்பை வரிசையாகப் போடமாட்டோம், வட்டமாகப் போடுவோம். வட்டத்துக்கு ஏது தலை?

மறுநாள் மத்தியானம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் என் மனைவி தாளை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வெளியே வந்த கூட்டத்தில் மறுபடி எடுத்தாள். ஆளுக்கொரு வரி சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டே போனேன். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எந்த மனுவிலும் பார்த்ததில்லை. பிரசவத்துக்குப் போன மகளைப் பற்றி ஒருத்தி, அரிவாள் பட்ட காலுக்குத் தையல் போட்டதைப் பற்றி ஒருவர். "சிஸ்டரு கண்ணை உருட்டினாலே காய்ச்சல் பாதி எறங்கிரும், மீதிக்குத்தான் மாத்திரை" என்று இன்னொருத்தி. இதையும் எழுதச் சொன்னாள். எழுதினேன். இந்த மனுவில் மட்டும் வட்டம் வேண்டாம், நேர் வரிசையில் போடுவோம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். முதல் ஒப்பு யாருக்கு என்று இரண்டு பெண்களுக்குள் சண்டைகூட வந்தது.

நானும் என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன். தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் குளவி என்னைச் சூழ்ந்துகொண்டது. முகம் வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு விசிலடிக்க என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் வருகிற நாள் இல்லை. சிஸ்டர் ஒரு நொடி யோசிக்காமல் தொடையில் ஊசியைக் குத்தினார். அந்த ஊசியால்தான் இன்று உயிரோடு இருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைசி வரி மச்சானுடையது. "நான் சொல்றதை அப்படியே எழுதணும் மாப்ளே, ஒரு சொல்லு மாத்தக்கூடாது" என்று எதிரே உட்கார்ந்துகொண்டார். "டாக்டரு கேஸுன்னாரு. சிஸ்டரு ஜீப்புன்னாங்க. நான் ஜீப்புல ஏறினேன். அதனால ஒப்பு போடறேன்." டாக்டர் வாயு என்று சொன்ன அவருடைய நெஞ்சுவலிக் கதை தெரிந்த எல்லோரும் கைதட்டினார்கள்.

இங்கிலீஷில் மாற்றி டாக்டரிடம் கொண்டுபோவதற்கு முன் சிஸ்டர் ஒரு முறை பார்த்துவிடட்டும் என்றுதான் வெள்ளிக்கிழமை காலை அந்தத் தாள்களை அவர் கையில் கொடுத்தேன். அப்போதுதான் அவர் மாட்டிவிட்டிருக்கீங்க என்றார்.

"எப்படி மாட்டிவிட்டேன்? சொல்லுங்க" என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து தாள்களைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். "அண்ணே, நான் நர்ஸு. மருந்து எழுத எனக்கு அதிகாரம் இல்ல. இதுல நீங்க என்ன எழுதியிருக்கீங்க? டாக்டர் இல்லாதப்ப சிஸ்டரே மருந்தை முடிவு செஞ்சாங்க, பிரஷர் மாத்திரையைக் கூட்டினாங்க, கொறைச்சாங்கன்னு. அதுக்குக் கீழ எரநூறு பேரு சாட்சிக் கையெழுத்து. இதைக் காலேஜுல படிச்சா சீட்டு தருவாங்களா, கவுன்சிலுக்கு எழுதி என் பதிவைப் பிடுங்குவாங்களா?"

அந்த இருநூறு பேரும் அவர் படிக்கப் போக வேண்டும் என்று போட்ட ஒப்பு. ஒவ்வொன்றும் அவரைப் பிடித்து வைக்கிற ஒப்பாக இருந்தது. எங்கள் எஸ்டேட்டைத் தவிர வேறு எங்கேயும் இப்படி ஒரு சிபாரிசை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

"எல்லாத்தையும் கிழிச்சிருவோம் சிஸ்டர். பழையபடி நேரம் தவறாதவர்னு போட்டுருவோம்."

"பொறுங்க" என்றார். பேனாவை எடுத்தார். ஒவ்வொரு வரியாகப் படித்து ஓரத்தில் குறி போட ஆரம்பித்தார். சிலதுக்கு டிக், சிலதுக்குப் புள்ளி, சிலதுக்குப் பெருக்கல்.

நான் சும்மா இருப்பேனா? "டிக்கு எதுக்கு?"

"அது தாள்ல இருக்கறது. டிஸ்பென்சரிச் சுவத்துல டாக்டர் எழுதி ஒப்பு போட்டு ஒட்டியிருக்காரு. இன்னது நடந்தா, இன்ன அறிகுறி இருந்தா, நர்ஸு இந்த ஊசியை இவ்வளவு போடலாம்னு."

"புள்ளி?"

"போன்ல டாக்டரைக் கேட்டுச் செஞ்சது. மறுவாட்டி வந்தப்ப அவரு ரிஜிஸ்டர்ல எழுதிட்டாரு."

"பெருக்கல்?"

"டவர் கெடைக்கல. நானாச் செஞ்சது."

என் குளவி வரிக்கு அவர் டிக் போட்டார். சொன்னால் வெட்கம், எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. இத்தனை வருஷமாக நான் அவருடைய துணிச்சலைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தேன். அது செல்லோடேப் ஒட்டிய ஒரு தாளில் முன்கூட்டியே எழுதியிருந்ததா?

"அப்ப என் உசுரைக் காப்பாத்தினது சுவத்துல இருந்த தாளா?"

"தாளு ஊசி போடாதுண்ணே" என்றார், நிமிராமல். "ஆனா தாளு இல்லாம நானும் போட்டிருக்கக்கூடாது."

இந்த இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். அவர் இரண்டு மாதம் முன்னால் எழுதிவைத்த வரம்பு என்று சொன்னாரே, அது அப்போதுதான் எனக்குக் கண்ணில் தெரிந்தது. செய்யத் தெரிவது ஒன்று, செய்யலாம் என்று எழுதிக் கொடுத்திருப்பது வேறொன்று. இந்தப் படிப்பு இரண்டையும் ஒரே ஆளிடம் கொண்டுவந்து சேர்க்கிற வேலை. காலண்டர் தாளில் போட்ட அத்தனை வளைவும் அதற்குத்தான்.

பெருக்கல் விழுந்தது நாலு வரிக்கு. அவற்றை எழுத்தே தெரியாதபடி அடித்தார். காய்ச்சல் இறங்குகிற வரியையும் சிரித்துக்கொண்டே அடித்தார். கடைசி வரிக்கு வந்தார். மச்சானின் ஜீப். பேனா அங்கே நின்றது. டிக் இல்லை, புள்ளி இல்லை, பெருக்கலும் இல்லை.

"அதை மொதல்ல அடிங்க சிஸ்டர். டாக்டரு கேஸுன்னு சொன்னது தப்புன்னு எழுதி, அந்த டாக்டர்கிட்டயே ஒப்பு கேட்டா எப்படி? மச்சானுக்கு வெவரம் இல்ல, எனக்கும் இல்ல."

அவர் எதிரே ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிளினிக்கின் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே டாக்டர் யாருடைய முதுகிலோ குழலை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்றார்.

தெரிந்ததைச் சொன்னேன். போன வருஷம் ஒரு மத்தியானம். மரவள்ளிக் கப்பையும் மாட்டுக்கறியும் சாப்பிட்டுவிட்டு வந்த மச்சான் நெஞ்சு கரிக்கிறது என்று டிஸ்பென்சரியில் உட்கார்ந்தார். சிஸ்டர் மேட்டில் ஏறி டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் வெறும் கேஸ், வாயுக்கோளாறு என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுக்கச் சொன்னார். சிஸ்டர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஜீப்பையும் கூப்பிட்டார். கீழே கோட்டயத்து ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். தாமதிக்காமல் கொண்டுவந்ததால் பிழைத்தார் என்றும் சொன்னார்கள்.

"அவருக்கு நெத்தியில வேர்வை பொடிச்சிருந்துச்சு. தொட்டா சில்லுன்னு இருந்துச்சு. தாடையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. ஐ.சி.யு.வுல ஒரு வருஷம் தினமும் பாத்த மொகம் அது. டாக்டர் சார் மேல தப்பில்லண்ணே. வெட்டி வெட்டிக் கேக்குற போன்ல, கப்பை, கறி, நெஞ்சு கரிக்குதுன்னுதான் அவரு காதுல விழுந்துச்சு. நான் வேர்வையைச் சொன்னேனா, தாடையைச் சொன்னேனான்னே எனக்கு இப்ப ஞாபகம் இல்ல. கேஸா இருக்கும்னு அவரு சொன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா?"

"என்ன சொன்னீங்க?"

"சரி சார்னு சொன்னேன்."

அவர் குரல் தாழ்ந்தது. "சரி சார்னு சொல்லி போனை வச்சிட்டு, ஜீப்பைக் கூப்பிட்டேன். மறுவாட்டி டாக்டர் சார் வந்தப்ப ரிஜிஸ்டர்ல என்ன எழுதினேன்? சொந்தக்காரங்க கொண்டு போனாங்கன்னு எழுதினேன். அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது."

எஸ்டேட்டில் ஒவ்வொரு லயத்திலும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற கதை டாக்டர் ஒருவருக்கு மட்டும் தெரியாதா?

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறது என் வேலைதாண்ணே. அதுக்கு யாரு உத்தரவும் வேண்டாம். இந்த மூணு பக்கத்துல நான் என் சொந்த அதிகாரத்துல செஞ்ச வேலை இந்த ஒண்ணுதான். இதைத்தான் நான் மறைச்சு வச்சிருக்கேன்" என்று அந்த வரியின் மேல் விரலை வைத்தார். "அன்னைக்குப் பெறகு சொல்றேன்னு சொன்னேன்ல, அது இதுதான். மருந்து எழுதறதுக்கு ஆசைப்பட்டு நான் படிக்கப் போகல. சரியில்ல சார், காரணம் இது இதுன்னு நின்னு சொல்றதுக்கு எனக்குப் படிப்பு வேணும். எனக்குத் தெரியும், ஆனா எப்படித் தெரியும்னு அன்னைக்குச் சொல்லத் தெரியல."

மணி பதினொன்றரை. பழையபடி எட்டு வரி எழுதினால் டாக்டர் படிக்காமலே ஒப்பு போடுவார், சீட்டுக்கு வழி உண்டு. இந்த வரியோடு போனால் ஒப்பு விழுமா, விழாதா? விழாவிட்டால் இந்த வருஷம் போயிற்று. அடுத்த வருஷம் எஸ்டேட் இந்தப் படிப்பு லீவைத் தரும் என்பதற்கும் உறுதி இல்லை. இதையெல்லாம் நான் அவருக்குச் சொன்னேன். அவருக்குத் தெரியாததா?

"டைப் பண்ணுங்கண்ணே. நான் சொல்லச் சொல்ல" என்றார்.

அவர் சொன்னார், நான் டைப் அடித்தேன். டிக் போட்ட வரிகள் இரண்டு, புள்ளி போட்ட வரிகள் மூன்று. எல்லாம் அலங்காரம் இல்லாத இங்கிலீஷில். மச்சானின் வரி மட்டும் ஒரு சொல்லும் மச்சானுடையதாக இல்லாமல் மாறியது. நெஞ்சுவலியோடு வந்த ஒரு தொழிலாளியின் வேர்வையையும் தாடை வலியையும் கவனித்து, தொலைபேசியில் வந்த முதல் கருத்துக்கு மாறாக, தன் பொறுப்பில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார், அந்த மாறுபாட்டை மருத்துவரிடம் அன்றே சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான். சிபாரிசுக் கடிதத்தில் தன் குறையைத் தானே எழுதச் சொன்ன ஓர் ஆளை நான் இந்தக் கடையில் முதல் தடவையாகப் பார்த்தேன்.

பிரிண்ட் சூடாக வெளியே வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. "நேர்ல போயி திடீர்னு நீட்டாதீங்க சிஸ்டர். ஒரு போன் போட்டு லேசாச் சொல்லி வச்சிருங்க. இங்க டவர் நல்லா இருக்கு."

"போன்ல சொன்னா நான் மறுபடி சரி சார்னு சொல்லிருவேண்ணே."

போனை ஸைலண்டில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தார். கையெழுத்து நிறைந்த அந்த நாலு தாள்களையும் மடித்து, "இது எனக்கு. யார்கிட்டயும் குடுக்க மாட்டேன்" என்று அதே பைக்குள் வைத்தார். கடிதத்தை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கினார். இரண்டு ஜீப்புகள் போக வழிவிட்டு நின்று, கடந்து போனார். கிளினிக் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் சிஸ்டர் என்றதும் எழுந்து வழிவிட்டார்கள். கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனார்.

அந்த நேரத்தில் கட்டப்பனை பஸ் வந்து நடுவில் நின்று மறைத்துக்கொண்டது. ஆள் ஏறுகிறார்கள், மூட்டை ஏறுகிறது, கண்டக்டர் யாரோடோ பேசுகிறார். நான் ஸ்டூல்மேல் ஏறி நின்று பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை.

பஸ் நகர்ந்தது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பேனாவின் மூடியைக் கழற்றி, சிரித்தபடி கையை நீட்டிக்கொண்டிருந்தார். சிஸ்டர் கடிதத்தை இன்னும் கொடுக்கவில்லை. அதை இடது கையில் பிடித்துக்கொண்டு, எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வலது கையைத் தன் தாடையில் வைத்துக் காட்டிப் பேச ஆரம்பித்தார்.